பொன்னாத்தாளும் இருபத்துநாலு எழுத்தும்

இதைப் பழி தீர்ப்பதற்காகத்தான் எழுதுகிறேன். சமுதாயத்துக்கு நல்லது, நாலு பேருக்கு எச்சரிக்கை என்றெல்லாம் பூசி மெழுக விருப்பமில்லை. மோகன்ராஜ் சார் இதைப் படிக்க வேண்டும், படித்து வயிறு எரிய வேண்டும். மற்றவர்கள் படித்தால் சந்தோஷம்.

திருப்பூரில் நல்லூரைத் தாண்டிக் காங்கயம் ரோட்டில் இருக்கிறது எங்கள் பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். குழந்தைகளுக்கு உடுப்பு தைத்து டென்மார்க்குக்கு அனுப்புகிறோம். என் பெயர் வேல்விழி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். பதினோரு வருடமாக இங்கே சாம்பிள் செக்‌ஷனில் மெர்ச்சண்டைசர். அதாவது துணி வாங்குகிற பையருக்கும் தைக்கிற டெய்லருக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம்.

சேர்மன் கருப்புசாமி ஐயா, நாலு பவர் டேபிள் தையல் மெஷினோடு தொழிலை ஆரம்பித்தவர். வயது எழுபத்து மூன்று. அவருடைய தங்கை மகளைக் கட்டிய மாப்பிள்ளைதான் மோகன்ராஜ். பெங்களூரில் ஆறு மாதம் ஏதோ படித்துவிட்டு வந்தவர், கம்பெனியில் ‘தகவல் பாதுகாப்பு மற்றும் டிஜிட்டல் உருமாற்றப் பிரிவு’ என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தாமே தலைவரும் ஆனார். பிரிவில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. போர்டு மட்டும் ஏழடி நீளம்.

பிரிவு முதலில் வாங்கியது தலையில் மாட்டுகிற கண்ணாடி ஆறு. மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கிற மேஜை நாற்காலியும் தெரியும், அதற்கு மேலேயே கம்ப்யூட்டர் திரைகளும் மிதக்கும். டென்மார்க்கில் பையரம்மாவும் ஒன்றை மாட்டிக்கொண்டால் இரண்டு பேரும் ஒரே உடுப்பைச் சுற்றி நின்று பார்க்கலாம். அக்குளில் அரை சென்டிமீட்டர் குறை என்று அந்தம்மா காற்றில் கோடு போட்டால் இங்கே துணி மேல் அந்தக் கோடு விழும். நல்ல சாமான், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் கூரியரில் போய் வரப் பத்து நாள் காத்துக் கிடந்த எனக்கு அது வரம். அதையும் ஒரே ஆளால் நாசமாக்க முடியும் என்று அப்போது தெரியாது.

திறப்பு விழாவில் ஆறு கண்ணாடிக்கும் பூஜை போட்டு, நெற்றியில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்கள். கேமரா அங்கேதான் இருக்கிறது. முதல் நாள் முழுக்க எல்லோருக்கும் உலகம் மஞ்சளாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் துடைத்தோம். மூன்றாம் நாள் மோகன்ராஜ் சார் மைக்கைப் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம கம்பெனில யாரையும் தனியாச் சந்தேகப்படறதில்லீங்க. எல்லாரையும் சமமாச் சந்தேகப்படறோம். என்னையும் சேத்துத்தானுங்க. ஆனா என்னையச் சந்தேகப்படற பொறுப்பு எங்கிட்டயே இருக்குது.”

கை தட்டினோம். அதற்குப் பிறகு விதிகளை வாசித்தார். ஒவ்வொருவருக்கும் இருபத்துநாலு எழுத்தில் பாஸ்வேர்டு. அதைப் பிரிவே தரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்திருக்கும், ஒன்றுக்கொன்று ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. திங்கட்கிழமை தோறும் மாறும். காகிதத்தில் எழுதக் கூடாது. போனில் படம் எடுக்கக் கூடாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கக் கூடாது. வெளியார் தயாரித்த பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் எதையும் கண்ணாடியில் ஏற்றக் கூடாது. பிரிவின் தலைவர் மட்டும் தம்முடைய பாஸ்வேர்டைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

“மனுசனோட ஞாபகம்தானுங்க உலகத்துலயே சேப்டியான எடம். அங்க எவனும் எட்டிப் பாக்க முடியாது” என்று முடித்தார்.

ஆப் பற்றிய விதி என்னைத்தான் குத்தியது. பையர் போர்ட்டல், கூரியர், கஸ்டம்ஸ், லேப், பி.எஃப். என்று எனக்கு முப்பத்தொரு பாஸ்வேர்டு. மனுஷி மூளைக்கு இது ஆகாது என்று ஆறு வருடம் முன்பே போனில் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் அது பூட்டி வைத்திருக்கும். என் முகத்தைக் காட்டினால் கேட்ட இடத்தில் தானே நிரப்பிவிடும். அதே ஆப் இந்தக் கண்ணாடிக்கும் உண்டு. செட்டிங்ஸுக்குள் போய், தானாக நிரப்ப எந்த ஆப்பை விடலாம் என்று கேட்கிற இடத்தில் அதன் பெயருக்கு நேரே தொட்டால் வேலை முடிந்தது. கண்ணாடி என் கருவிழியைப் பார்த்து நான்தான் என்று தெரிந்துகொண்டு, இருபத்துநாலு எழுத்தையும் ஒரு நொடியில் கொட்டிவிடும். விழா நடந்த அன்றைக்கே நான் தொட்டிருந்தேன். விதி வந்த பிறகும் எடுக்கவில்லை. இரண்டு நாள் ராஜவாழ்க்கை.

அப்புறம் கூப்பிட்டு அனுப்பினார். நானும் சாம்பிள் டெய்லர் பொன்னாத்தாளும் ஒரு கைக்குழந்தை ஜப்லாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அப்படியே இரண்டு பேருமாகப் போனோம்.

“வேல்விழி, அந்த ஆப்பு யாரோடதுங்க?”

“ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடது சார். பூட்டுறதுதான் அவுக. தொறக்க அவுகளாலயே முடியாது.”

“அதாவது மூணாவது மனுசன். ஏனுங்க, உங்க ஊட்டுச் சாவியக் கொண்டுபோயிப் பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்டக் குடுப்பீங்களா?”

“குடுப்பமுங்க” என்றார் பொன்னாத்தாள். “ஊருக்குப் போறப்ப அங்கதானுங்க குடுத்துட்டுப் போவோம். பாலும் வாங்கி வெச்சிருவாங்க.”

மோகன்ராஜ் சார் டைரியைத் திறந்து எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதினார். என் ஆப் அழிக்கப்பட்டது. சாம்பிள் வேலையோடு கூடுதலாக, மூன்று மாதம் பிரிவின் கூட்டங்களுக்கும் விசாரணைகளுக்கும் உட்கார்ந்து குறிப்பு டைப் செய்ய வேண்டும் என்று எனக்குத் தண்டனையும் கிடைத்தது. பிரிவில் டைப் அடிக்க ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

பொன்னாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூலனூர்க்காரர், ஐம்பத்தொரு வயது, இந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம். குழந்தை உடுப்பில் கழுத்து எங்கே இழுக்கும், பொத்தான் எங்கே உறுத்தும் என்று தொட்டே சொல்லிவிடுவார். பையரம்மா போடுகிற கோடு இவர் கண்ணில் பட்டால்தான் வேலை நடக்கும், ஆகவே ஆறு கண்ணாடியில் ஒன்று இவருக்கு. மாட்டப் போனால் பின்பக்கப் பட்டை கொண்டையில் இடித்தது. ‘கண்ணாடி அணியும் பெண் பணியாளர்கள் கொண்டையைக் காதுக்கு மேல் பக்கவாட்டில் அமைத்துக்கொள்ளவும்’ என்று அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. அதில் வரைபடம் வேறு.

கொண்டையைக்கூட நகர்த்திவிட்டார். இருபத்துநாலு எழுத்து நகரவில்லை. ஐந்து தரம் தப்பாகப் போட்டால் கண்ணாடி நாலு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் படிவம் ஏழு, அதன் பெயர் மறதி அறிக்கை, மூன்று பிரதி. அதில் ‘மறதிக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். பொன்னாத்தாள் ‘ஞாபகம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். ‘காரணம் போதாது, மறந்தது எது என்பதையும் விவரிக்கவும்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மறந்ததை எழுதினால் மறக்கவில்லை என்றாகும், கூடவே பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிய குற்றமும் சேரும். முதல் மூன்று வாரத்தில் அவர் பதினேழு மறதி அறிக்கை கொடுத்தார். அத்தனை நாளும் பையரம்மா டென்மார்க்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலி மேஜையைச் சுற்றி வந்தார்.

“என்ற மூளையில ஓட்டைங்களா கண்ணு?” என்று ஒருநாள் பொன்னாத்தாள் என்னிடம் கேட்டார். “இருவத்திரண்டு வருசமா ஒரு அளவு மறந்ததில்ல. இது மட்டும் நிக்க மாட்டீங்குதே.”

“ஓட்டை ஒங்க மூளையில இல்லக்கா” என்றேன். வாயில் வந்த மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன்.

இதற்கிடையே திங்கட்கிழமைக் கூத்து ஒன்று நடந்தது. பாஸ்வேர்டு மாறுகிற நாளில் காலை ஒன்பதரைக்கு எல்லோரும் சாம்பிள் ஹாலில் நிற்க வேண்டும். மோகன்ராஜ் சார் மேடையேறிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தம்முடைய புதுப் பாஸ்வேர்டை எல்லோர் எதிரிலும் போடுவார். பாதுகாப்புக்கு இதுதான் முன்மாதிரியாம். கண்ணாடிக்குள் கீபோர்டு அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். கண்ணால் பார்த்து விரலை ஒட்டினாலே எழுத்து விழும்தான், ஆனால் அவருக்கு அப்படிச் செய்தால் தலை சுற்றும். ஆகவே ஆள்காட்டி விரலை நீட்டி, காற்றில் ஒவ்வொன்றாகக் குத்துவார்.

“பாருங்க, கண்ணு முன்னாடியே போடறேன். உங்களுக்கு என்னங்க தெரியுது? ஒண்ணும் தெரியாது. இதானுங்க டெக்னாலஜி” என்பார்.

குறிப்பெடுப்பதற்காக முதல் வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்த எனக்குத் தெரிந்தது. பத்தாவது முடித்த கையோடு சாத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள் நான். மூன்று வருடம் கீபோர்டைப் பார்க்காமலே அடித்த கை. ஒரு விரல் மேல் வரிசைக்குப் போகிறதா, நடுவா, கீழா, இடமிருந்து எத்தனையாவது என்று பார்த்தால், எழுத்து தானாக மனசில் விழுந்துவிடுகிறது. பஸ்ஸில் போகும்போது கடை போர்டைப் படிக்காமல் இருக்க முடியுமா? கடைசிக் குத்து எப்போதும் வலது ஓரத்து எண்டர். அதை வைத்து முதல் இரண்டு வாரத்தில் கீபோர்டின் அகலம் பிடிபட்டது. மூன்றாம் வாரம் முழுசாகப் படித்துவிட்டேன்.

ஆங்கில எழுத்தில் போட்ட தமிழ். ‘கெழவன் எப்பப் போவான்’ என்று இருந்தது. எந்தக் கிழவன் என்று புரிய எனக்கு அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் இருமல் வந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்த வாரம் ‘கெழவனுக்கு சுகர் முன்னூறு’. அதற்கு அடுத்த வாரம் சேர்மன் ஐயா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்திருந்தார். மேடையிலேயே மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தி, “எங்க மாமா நூறு வருசம் இருக்கணுமுங்க” என்று தழுதழுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோகன்ராஜ் சார் குத்தினார்: ‘ஸ்டென்ட் வெச்சும் பொழச்சுட்டான்’. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? பெரிய வீட்டுச் சமாசாரம், நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பொன்னாத்தாள் அந்த நேரத்தில் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தார். துவைக்கிற விதம் அச்சடித்து உடுப்புக்குள் தைக்கிறோமே, அந்த சாட்டின் ரிப்பன். அதை அச்சடிக்கிற பிரிண்டரைத் தனபால் ஓட்டுகிறார். அவரிடம் சொல்லி, திங்கட்கிழமை தோறும் பாஸ்வேர்டை ரிப்பனில் ஒரு துண்டு அடித்து வாங்கித் தம்முடைய ஓவர்கோட் பாக்கெட் மூடிக்கு உள்பக்கம் தைத்துக்கொண்டார். கண்ணாடி போட்டிருந்தாலும் குனிந்து மூடியைத் தூக்கினால் தெரியும்.

“காயிதத்துலதான எழுதக் கூடாதுன்னாங்க கண்ணு” என்றார். “இது துணியாச்சே.”

இரண்டு வாரம் ஒரு மறதி அறிக்கைகூட இல்லை. மோகன்ராஜ் சார் அதைத் தம்முடைய பயிற்சியின் வெற்றி என்று மேடையில் சொன்னார். மூன்றாவது திங்கட்கிழமை மத்தியானம் கூரியர் வண்டி வாசலில் நிற்கிறது, ஜப்லா சாம்பிள் பாக்கி, பொன்னாத்தாள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மேஜையில் கிடந்த ரிப்பன்களில் ஒன்றை எடுத்துக் கழுத்துக்குப் பின்னால் வைத்து ஒரு அடி அடித்து அனுப்பினார். அது சைஸ் லேபிள் இல்லை, பாஸ்வேர்டு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் செய்த முதல் தவறு அது.

நான்கு நாளில் பையரம்மாவிடமிருந்து மெயில் வந்தது. கழுத்துக்குள் இருக்கும் அந்த மர்ம எழுத்து அபாரம், குழந்தைக்கும் தாய்க்கும் நடுவில் ஒரு ரகசியம் போல் இருக்கிறது, மொத்த ஆர்டரிலும் அப்படியே வேண்டும் என்று. முப்பத்தெட்டாயிரம் பீஸ். பையர் ஓகே செய்து சீல் வைத்த சாம்பிளில் ஒரு நூலை மாற்றவும் திருப்பூரில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. லேபிள் டிசைன் ஒப்புதலுக்காகப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனது. மோகன்ராஜ் சார் உற்றுப் பார்த்துவிட்டு, “டிசைன் மாடர்னா இருக்குதுங்க” என்று கையெழுத்துப் போட்டார். அவர் பிரிவே கொடுத்த பாஸ்வேர்டுதான் அது.

அச்சடித்து, தைத்து, பெட்டி கட்டுகிற வரைக்கும் அது பாஸ்வேர்டு என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. பொன்னாத்தாள்தான் மனசு கேட்காமல் அவர் அறைக்குப் போனார்.

“ஏனுங்க சார், என்ற பாஸ்வேர்டு முப்பத்தெட்டாயிரம் கொழந்தைங்க கழுத்துல போகுதுங்களே. பரவாயில்லீங்களா?”

மறுநாள் குற்றச்சாட்டு ஓலை வந்தது. ‘நிறுவனத்தின் ரகசியத்தை அந்நிய நாட்டுக்கு மொத்த விற்பனையாக ஏற்றுமதி செய்தது.’ டைப் அடித்தவள் நான்தான். விசாரணைக்குப் பிறகு வேலை நீக்கம், சர்வீஸ் சான்றிதழில் ‘தகவல் திருட்டு’ என்று எழுதித் தரப்படும் என்று முடிவும் அதிலேயே இருந்தது. விசாரணைக்கு முன்னால் முடிவு எப்படி சார் என்று கேட்டேன்.

“டைம் மிச்சமுங்க” என்றார்.

அந்தப் பாஸ்வேர்டு காலாவதியாகி வாரக்கணக்கு ஆயிற்றே, அதை வைத்து ஒரு டப்பாகூடத் திறக்க முடியாதே என்றும் கேட்டேன். “செத்தாலும் ரகசியம் ரகசியம்தானுங்க” என்றார். லேபிளில் அவருடைய ஒப்புதல் கையெழுத்து இருக்கிறதே என்றேன். டைரியைத் திறந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பொன்னாத்தாள் சாம்பிள் ரூமில் உட்கார்ந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. “திருட்டுன்னு எழுதிட்டாங்கன்னா அனுப்பர்பாளையத்துல ஒரு சின்ன யூனிட்டுக்காரன்கூட உள்ள உட மாட்டான் கண்ணு” என்றார். “புள்ளை நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்குது. அவகிட்ட என்னன்னு சொல்றது? அம்மா என்னத்தத் திருடுனான்னு கேப்பாளே.”

அந்த இடத்தில்தான் எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. என் ஆப் போனது போகட்டும், மூன்று மாதம் ஓசியில் டைப் அடித்தது போகட்டும். ஒரு எழுத்தும் திருடத் தெரியாத மனுஷியைத் திருடி என்று என் கையாலேயே அடிக்க வைத்தானே பாவி. இவனைச் சும்மா விடுகிறதில்லை என்று முடிவு செய்தேன்.

விசாரணை புதன்கிழமை மத்தியானம், பாதுகாப்பு அறையில். நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். கதவு வெளியிலிருந்து திறக்க வேண்டுமானால் கழுத்தில் தொங்குகிற கார்டைக் காட்ட வேண்டும், நம் பெயர் சிஸ்டத்தில் இருந்தால்தான் திறக்கும். தம்முடைய கண்டிப்பைப் பார்க்க வேண்டும் என்று சேர்மன் ஐயாவையே தலைமை தாங்க அழைத்திருந்தார் மோகன்ராஜ் சார். ஐயா, மாப்பிள்ளை, பொன்னாத்தாள், நான். நாலே பேர்.

“வேல்விழி, குறிப்பு பக்காவா இருக்கோணும். இந்த ரூம்ல நடக்கறது அத்தனையும் ஒரு எழுத்து உடாம ஏத்துங்க. முடிவுல சத்தமாப் படிச்சு, எல்லாரும் கையெழுத்துப் போடறோம்.”

“அத்தனையுமா சார்?”

“இருமுனாக்கூட எழுதுங்க.”

“சரிங்க சார். ஒரு எழுத்து விடாம ஏத்திர்றேன்.” அந்த உத்தரவையும் ஏற்றிக்கொண்டேன்.

ஆதாரக் கோப்பு பூட்டி இருக்கிறது, திறந்து டிவியில் காட்டுகிறேன் என்று கண்ணாடியை மாட்டினார். கண்ணாடிக்குள் தெரிவது டிவியிலும் தெரியும், கீபோர்டும் பாஸ்வேர்டும் மட்டும் தெரியாது. விரலை நீட்டிக் குத்த ஆரம்பித்தார். நான் டைப் அடிக்க ஆரம்பித்தேன்.

“என்ன மாப்ள, கொசு அடிக்கறீங்களா?” என்றார் ஐயா.

“செக்யூரிட்டிங்க மாமா.”

பிறகு விசாரணை. குழந்தைகள் கழுத்தில் போனது உன்னுடைய பாஸ்வேர்டுதானே என்று கேட்டார். ஆமாங்க என்றார் பொன்னாத்தாள். அதை யாரிடம் விற்றாய்? விக்கலீங்க. பின் ஏன் செய்தாய்? கூரியர் வண்டி ஆரன் அடிச்சுட்டே இருந்துதுங்க. உன் பின்னால் எந்த நாடு இருக்கிறது? பொன்னாத்தாள் திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டு, “செவுருதானுங்க இருக்குது” என்றார். குற்றவாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதச் சொன்னார், எழுதினேன். அதோடு ஏழு நிமிஷம் பேசினார். பாதுகாப்பு என்பது நம்பிக்கை, நம்பிக்கை என்பது விசுவாசம், விசுவாசம் என்றால் என்னவென்று தம்மிடம்தான் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும், தாம் உறங்கும்போதும் மாமாவையே நினைத்துக்கொண்டு உறங்குவதாகச் சொன்னார். அதையும் ஒரு எழுத்து விடாமல் ஏற்றினேன்.

“அவ்வளவுதானுங்க மாமா. வேல்விழி குறிப்பப் படிச்சுரட்டும், கையெழுத்துப் போட்டுரலாம்.”

எழுந்து நின்று படித்தேன். செய்தி வாசிக்கிற குரலில்தான் படித்தேன், ஏற்ற இறக்கம் இல்லை. “பன்னிரண்டு நாற்பது. திரு. மோகன்ராஜ் கண்ணாடியை அணிந்து, ஆதாரக் கோப்பைத் திறக்கத் தம்முடைய பாஸ்வேர்டை விரலால் உள்ளிட்டார். உள்ளிட்டது: தீபாவளிக்குள்ள கெழவன் அவுட். ஆங்கிலத்தில் சரியாக இருபத்துநாலு எழுத்து. பன்னிரண்டு நாற்பத்தொன்று. சேர்மன், கொசு அடிக்கிறீர்களா என்று கேட்டார்…”

அதற்கு மேல் படிக்க விடவில்லை.

“பொய்யிங்க மாமா. அந்தரத்துல தட்டறது எவளுக்குங்க தெரியும்? தெரியவே தெரியாதுன்னு கண்ணாடி வித்தவனே எழுதிக் குடுத்திருக்கறான்.”

“டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சிருக்கேன் ஐயா” என்றேன். “ஒவ்வொரு வாரமும் தெரியுது. போன மாசம் நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப வேற ஒண்ணு. அதச் சொல்ல எனக்கு வாய் வரல.”

ஐயா என்னையும் பார்த்தார், மாப்பிள்ளையையும் பார்த்தார்.

“அப்பறம் என்ன மாப்ள, தெரியவே தெரியாதுன்னா கவலை எதுக்கு? அந்தக் கண்ணாடிய லாக் பண்ணிப் பொன்னாத்தாகிட்டக் குடுங்க. இந்தப் புள்ள படிச்சத அப்பிடியே போட்டுப் பாக்கட்டும். தெறக்கலீன்னா ரெண்டு பேத்தையும் இன்னைக்கே அனுப்பிச்சுரலாம்.”

மோகன்ராஜ் சார் கண்ணாடியை லாக் செய்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “ஒரு நிமிசமுங்க மாமா, சர்வர் ரூம்ல ஏதோ லைட்டு எரியுது” என்று வெளியே ஓடினார். எதற்கு ஓடுகிறார் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் இருக்கிற சர்வர் ரூமுக்குப் போய் வயரைப் பிடுங்கினால் சாட்சி போயிற்று. லிப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

பொன்னாத்தாள் கண்ணாடியை மாட்டினார். நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவருக்குச் சிக்கல் ஞாபகத்தில்தான், விரலில் கிடையாது. இருபத்திரண்டு வருடம் ஊசிமுனையையே பார்த்த கண். டி, இ, இ, பி என்று நான் சொல்லச் சொல்ல, நிதானமாக ஒவ்வொன்றாகக் குத்தினார். ஒரு தப்பு இல்லை. கடைசியில் எண்டர்.

டிவியில் பச்சை வட்டம் சுற்றியது. தலைவரின் கணக்கு முழுசாக விரிந்தது.

“தெறந்துருச்சுங்க சாமி” என்றார் பொன்னாத்தாள்.

ஐயா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“தீபாவளிக்கு எத்தன நாள் இருக்குது கண்ணு?”

“முப்பத்தாறு நாள் இருக்குங்க ஐயா.”

“ம்” என்றார். குற்றச்சாட்டு ஓலையை வாங்கி நாலாகக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். “பொன்னாத்தா, உன்ற பேர்ல ஒண்ணும் இல்ல. போயி வேலையப் பாரு. அதுக்கு மின்ன, அந்தப் பொட்டிக்குள்ள நம்மாளுக பேரெல்லாம் இருக்குதா பாரு.”

இருந்தது. அறுநூற்றுப் பத்துப் பெயர், மேலே முதலாவதாக மோகன்ராஜ். பெயருக்கு நேரே சிவப்பாக ஒரு பொத்தான். பொன்னாத்தாள் அதை உற்றுப் பார்த்ததும் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. டிவியில் பார்த்துப் படித்துச் சொன்னேன். “இவரை நீக்கினால் திரும்பக் கொண்டுவர முடியாது, உறுதியாக நீக்கலாமா என்று கேட்குது.”

“நான் என்னங்க பண்ணட்டும் சாமி?”

“எங்கிட்டக் கேட்டு என்ன பிரயோசனம்? நாந்தான் அவுட்டாச்சே” என்றார் ஐயா. “உன்னையத் திருடின்னு எழுதுனவன். உனக்கு என்ன தோணுதோ செய்.”

பொன்னாத்தாள் கண்ணாடியை ஒருமுறை சரிசெய்துகொண்டார். கொண்டை காதுக்கு மேலே பக்கவாட்டில் இருந்தது. அப்புறம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினார். பெயர் போய்விட்டது. பட்டியலில் அறுநூற்று ஒன்பது.

மூன்று மாடி ஏறி, சர்வர் ரூம் கதவு திறக்கவில்லையோ என்னவோ, மூன்று மாடி இறங்கி ஓடி வந்தார் மோகன்ராஜ் சார். கழுத்துக் கார்டைக் கதவில் காட்டினார். சிவப்பு விளக்கு. திருப்பிக் காட்டினார், துடைத்துக் காட்டினார், சிவப்புதான். உள்ளே டிவியில் ஓடுகிற பட்டியலைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தார். வாய் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது, உள்ளே கேட்கவில்லை. சத்தம் போகாத கண்ணாடி, அவரே தேர்ந்தெடுத்து வாங்கியது.

“இதையும் ஏத்திக்க கண்ணு” என்றார் ஐயா. “ஒரு எழுத்து உடாம.”

உட்கார்ந்து டைப் அடித்தேன்: ‘ஒன்று முப்பத்திரண்டு. வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டினார். நிறுவனப் பதிவுகளைச் சரிபார்த்ததில் அப்படி ஒருவர் இல்லை.’